ரிசால்: ஒரு குடும்பப் பெயரின் கதை

வெளிநாட்டுப் படிவம் எதையாவது நிரப்பும்போது 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் எங்களில் பலர் கொஞ்சம் நின்று யோசிப்போம். அப்பாவின்ர பேரை எழுதுறதா, முதலெழுத்தை விரிச்சு எழுதுறதா? எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது போய்விடும். தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைக் காவிக்கொண்டு போகிற பழக்கம் எங்களிடம் பெரும்பாலும் இல்லை.

இப்படி இருக்கிற ஒரு சமூகத்திடம் வந்து, "இனி எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டும், இந்தா பட்டியல், எடுத்துக்கொள்" என்று ஓர் அரசாங்கம் சொன்னால் எப்படி இருக்கும்? ஸ்பானியரின் கீழ் இருந்த பிலிப்பைன்ஸில் 1849இல் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அந்த ஆணை வந்த காலத்தில் லகூனா மாகாணத்தின் கலம்பா என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த பெயர்தான் 'ரிசால்'. அந்த வீட்டாரே முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் ஐம்பது வருஷம் போவதற்குள் அந்தப் பெயருக்காக அவர்கள் வீட்டை இழந்தார்கள், நாடுகடத்தப்பட்டார்கள், ஒரு மகனைத் துப்பாக்கிகளுக்கு முன்னால் பறிகொடுத்தார்கள். அந்தப் பெயர் வந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஆணைக்கு முன்னால்

ஸ்பானியர் 1565இல் பிலிப்பைன்ஸில் குடியேறத் தொடங்கினார்கள். அதற்கு முன்னர் அங்கிருந்த சமூகங்களில் ஆளுக்கு ஒரு பெயர் இருந்தது. பரம்பரைப் பெயர் பொதுவழக்கமாக இருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றபோது மக்கள் புனிதர்களின் பெயரையும் பக்திச் சொற்களையும் எடுத்துக்கொண்டார்கள். 'டெ லா குரூஸ்' என்றால் சிலுவையின், 'டெ லொஸ் சாந்தோஸ்' என்றால் புனிதர்களின், 'டெல் ரொசாரியோ' என்றால் செபமாலையின். ஒரு ஊரிலேயே சம்பந்தம் இல்லாத நூறு குடும்பம் 'டெ லா குரூஸ்' ஆக இருக்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறொரு பெயராகவும் இருக்கும்.

எங்கட தீவிலும் போர்த்துக்கீசர் காலத்தில் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ எல்லாம் ஞானஸ்நானத்தோடு சேர்ந்துதான் வந்தன. கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிடம் அவை இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் போர்த்துக்கீசர் ஒரு பெயர்ப் புத்தகத்தை அச்சடித்து ஊர் ஊராகப் பங்கிடவில்லை. அதைச் செய்தவர் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் நார்சிஸோ கிளாவேரியா.

கிளாவேரியா ஒழுங்கில் பைத்தியமான மனிதர் போல. ஸ்பானியர் மெக்சிக்கோ வழியாக வந்ததால் பிலிப்பைன்ஸின் திகதி பக்கத்து நாடுகளைவிட ஒரு நாள் பின்னால் இருந்தது. அதைத் திருத்த 1844ஆம் ஆண்டின் டிசம்பர் 31ஐ நாட்காட்டியிலிருந்தே நீக்கினார். அந்த வருஷம் பிலிப்பைன்ஸில் 30ஆம் திகதி படுத்தவர்கள் எழும்பினது புதுவருஷத்தில். அதே மனிதர் மாகாணங்களைச் சுற்றிப் பார்த்தபோது மக்களின் பெயர்கள் கிடந்த விதமும் பிடிக்கவில்லை. 1849 நவம்பர் 21இல் ஆணை வந்தது.

ஆணை சொன்ன காரணம் வெளிப்படையானது. யார் யாருடைய பிள்ளை என்று தெரியாவிட்டால் நீதி நிர்வாகம் கஷ்டம், வரி அறவிடுவது கஷ்டம், ஒழுங்கைக் காப்பது கஷ்டம். வரியும் கட்டாய உழைப்பும் ஆள்கணக்கில் அறவிடப்பட்ட நாடு அது. ஒருவன் ஊர் மாறிப் பெயரையும் மாற்றினால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவான்.

இதற்காகத் தயாரான புத்தகத்தின் பெயர் 'குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல்'. சுமார் 60,000 பெயர்கள். ஸ்பானியக் குடும்பப் பெயர்களோடு செடி, விலங்கு, கனிமம், ஊர், தொழில் என்று ஸ்பானிய மொழியிலும் உள்ளூர் மொழிகளிலும் கிடைத்த சொற்களையெல்லாம் சேர்த்திருந்தார்கள். மாகாணத் தலைவர் பக்கங்களைப் பிரித்து ஊர்களுக்கு அனுப்புவார். ஊரில் குருவானவரும் ஊர்ப் பெரியவர்களும் இருக்க, குடும்பத் தலைவர் ஒரு பெயரைத் தெரிவார். அது பிள்ளைகளுக்கும் போகும். எந்த ஊருக்கு எந்தப் பக்கம் போனதோ அந்த எழுத்துத்தான் அந்த ஊர் முழுக்க. பிக்கோல் பகுதியில் இது இன்றும் தெரியும். அல்பாயின் தலைநகரில் 'ஏ' எழுத்தில் தொடங்கி, கரையோரமாக 'பி', 'சி' என்று போய், சொர்சொகோன் பக்கம் சுற்றி, கடைசி எழுத்துகள் கட்டண்டுவானெஸ் தீவில் முடியும். ஒருவரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்தே "நீங்கள் இன்ன ஊரோ?" என்று கேட்கலாம். கார்சியா, ரமோஸ் என்ற பெயர் இருந்தால் ஸ்பானிய இரத்தம் இருக்கும் என்று நினைப்பது தவறு என்பதும் இதனால்தான்.

நாலு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்ததைக் காட்டிய குடும்பங்கள் அதைத் தொடரலாம் என்று விலக்கும் இருந்தது. ஆனால் கொடுத்த பெயரைத் தன்பாட்டில் மாற்றினால் எட்டு நாள் சிறை, அல்லது அதற்கு ஈடான தண்டம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஆசிரியர்களுக்கும் உத்தரவு போனது. இந்தத் தண்டனை விஷயத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு வரும்.

லாம் அண்ணையிலிருந்து மெர்க்காடோ வரை

ரிசால் குடும்பத்தின் தகப்பன் வழி மூதாதை ஒரு சீனர். பூஜியன் கரையிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணிலாவுக்கு வந்து, 1697இல் ஞானஸ்நானம் பெற்று, டொமிங்கோ லாம்கோ ஆனார். இந்த 'லாம்கோ' என்பதே குடும்பப் பெயர் இல்லை. சீனத்தில் அவருடைய குடும்பப் பெயர் வேறு. சொந்தப் பெயரின் கடைசிப் பகுதியான 'லாம்' என்பதோடு, ஹொக்கியன் மொழியில் மூத்த ஆண்களை மரியாதையாகக் கூப்பிடும் 'கோ' சேர்ந்து வந்தது. எங்கட பேச்சில் சொன்னால் 'லாம் அண்ணை'. பிலிப்பைன்ஸில் 'கோ' என்று முடியும் பல பெயர்கள் இப்படி வந்தவைதான். முன்னாள் ஜனாதிபதி கொராசோன் அக்கினோ பிறந்த கொஹுவாங்கோ குடும்பத்தின் பெயரும் அப்படித்தான்.

லாம்கோ பின்யான் என்ற ஊரில் டொமினிக்கன் துறவிகளின் பண்ணையில் குத்தகைக்காரராகக் குடியேறினார். சீனர், கலப்பினத்தார், உள்ளூரார் என்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்த காலம் அது. வரியும் வேறு வேறு. சீனர்மீது அரசுக்குச் சந்தேகமும் இருந்தது. 1731இல் லாம்கோ ஸ்பானியப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார். 'மெர்க்காடோ', அதாவது சந்தை. வியாபாரம் செய்கிற மனிதருக்கு அளவான பெயர். இது அவர்களே தெரிந்து எடுத்த பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ 1818இல் பின்யானில் பிறந்து, கலம்பாவுக்குப் போய் அங்கேயும் டொமினிக்கன் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். 1848இல் தெயடோரா அலொன்சோவை மணந்தார். அடுத்த வருஷம் கிளாவேரியாவின் ஆணை. குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு மாகாண அதிகாரி 'ரிசால்' என்ற பெயரைச் சேர்த்துவிட்டார் என்பது வீட்டில் சொல்லப்பட்ட கதை. 'ரிசியால்' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பச்சையாக இருக்கும்போதே அறுத்த பிறகு திரும்பவும் துளிர்க்கும் வயல் என்று அர்த்தம். தெயடோராவின் பிறந்த வீட்டுக்கும் அதே ஆணையோடு 'ரியலொண்டா' என்ற பெயர் வந்தது.

பெயர் வந்ததே தவிர யாரும் பாவிக்கவில்லை. கொடுக்கல் வாங்கலில் எல்லாருக்கும் தெரிந்தவர் பிரான்சிஸ்கோ மெர்க்காடோதான். தெயடோராவும் தெயடோரா அலொன்சோவாகவே இருந்தார். பதினொரு பிள்ளைகள். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். மூத்த மகன் பாசியானோ. ஏழாவது பிள்ளை, 1861 ஜூன் 19இல் பிறந்த ஹோசே.

ஒளிக்க ஒரு பெயர்

1872 ஜனவரியில் கவிட்டே என்ற இடத்தில் படைத்தளத் தொழிலாளரும் சிப்பாய்களும் கிளர்ந்தார்கள். அதைச் சாட்டாக வைத்து, உள்ளூர்க் குருமாரின் உரிமைக்காகப் பேசிய கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று குருக்களுக்குப் பெப்ரவரி 17இல் கழுத்தை இரும்பு வளையத்தால் நெரித்து மரணதண்டனை கொடுத்தார்கள். மாணவனாக இருந்த பாசியானோ தங்கியிருந்தது புர்கோஸின் வீட்டில். ஆகவே 'மெர்க்காடோ' என்ற பெயரே அதிகாரிகளின் காதில் விழக்கூடாத பெயராகிவிட்டது.

சில மாதங்களில் பதினொரு வயது ஹோசேயை மணிலாவில் அத்தேனியோ பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்த வீட்டில் மூலையில் கிடந்த பெயருக்கு வேலை வந்தது. தம்பியை 'ரிசால்' என்று பதிவு செய்தார்கள். ஆக்களைத் தேடிப் பிடிக்க அரசு கொடுத்த பெயர், ஒரு பிள்ளையை அரசிடமிருந்து ஒளிக்கப் பயன்பட்டது. பிற்காலத்தில் நண்பர் புளூமென்ட்ரிட்டுக்கு எழுதும்போது, வீட்டில் தான் மட்டும்தான் ரிசால், மற்ற எல்லாரும் மெர்க்காடோ, பார்த்தால் தான் முறை தவறிப் பிறந்த பிள்ளை போல இருக்கிறது என்று ஹோசே குறிப்பிட்டிருக்கிறார். பகிடியாக எழுதினாரோ தெரியாது, ஆனால் அதில் கொஞ்சம் வலியும் இருக்கிறது.

பத்து வருஷத்தில் நிலைமை தலைகீழானது. 1882இல் ஹோசே ஐரோப்பாவுக்குப் படிக்கப் புறப்பட்டார். அதிகாரிகளுக்குத் தெரியாமல் போக வேண்டும். ஆகவே கடவுச்சீட்டு 'ஹோசே மெர்க்காடோ' என்ற பெயரில் எடுக்கப்பட்டது. அந்த மே மாதம் 'ஜெம்னா' என்ற பிரெஞ்சுக் கப்பல் காலியிலும் கொழும்பிலும் நின்றது. காலி தனிமையும் சோகமுமாக இருப்பதாகவும், கொழும்பு மணிலாவையும் சிங்கப்பூரையும்விட அழகாக இருப்பதாகவும் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் இறங்கிப் பார்த்த இருபது வயது இளைஞர், காகிதத்தின்படி ரிசால் இல்லை, மெர்க்காடோ.

1887இல் பெர்லினில் அச்சான 'நோலி மெ தாஞ்செரெ' நாவல் ரிசால் என்ற பெயரில் வந்தது. இரண்டு பெயருக்கு நடுவில் வாழ்ந்தவர் எழுதிய அந்தக் கதையிலும் ஒரு குடும்பப் பெயர்தான் திருப்பத்தைக் கொண்டுவருகிறது. நாயகன் இபார்ராவின் பூட்டனுக்கு 'எய்பார்ராமெண்டியா' என்ற நீண்ட பெயர் இருந்ததும், அது பிறகு சுருக்கப்பட்டதும் எலியாஸ் என்ற பாத்திரத்துக்குத் தெரியவருகிறது. தன் குடும்பத்தை அழித்தவனின் வாரிசுதான் தன் நண்பன் என்று அந்தப் பெயரை வைத்துத்தான் எலியாஸ் கண்டுபிடிக்கிறான்.

பெயருக்குக் கொடுத்த விலை

நாவல் வந்த பிறகு 'ரிசால்' ஒளிக்கிற பெயராக இருக்கவில்லை. நாவலைத் தடைசெய்யச் சொன்னார்கள். கலம்பாவில் டொமினிக்கன் பண்ணைக்கும் குத்தகைக்காரருக்கும் இடையில் வழக்கு முற்றியது. 1889இல் ஹோசேயின் மச்சான் மரியானோ ஹெர்போசா கொலராவில் இறந்தபோது, அவரைத் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்ய அனுமதிக்கவில்லை. 1890, 91இல் குடும்பமும் ஊராரும் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆளுநர் வெய்லர் படையை அனுப்பினார். பாசியானோவும் மச்சான்மாரும் மின்டோரோ தீவுக்குக் கடத்தப்பட்டார்கள்.

இந்த நேரத்தில் அந்த வீட்டார் செய்த காரியம்தான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பேசாமல் மெர்க்காடோவாகவே இருந்துவிட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நண்பர் ஒருவருக்கு ஹோசே எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: வீட்டார் எல்லோரும் இப்போது மெர்க்காடோவை விட்டுவிட்டு ரிசால் என்ற பெயரை வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பெயருக்கு இன்று துன்புறுத்தல் என்று அர்த்தம், அந்தப் பெயருக்குத் தகுந்தவனாகத் தானும் இருக்க விரும்புகிறேன். அந்த வீட்டில் தனியாக நின்ற ரிசாலோடு மற்றவர்களும் வந்து நின்றுகொண்டார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு அதிகாரி எழுதிவிட்ட பெயரை, அது ஆபத்தான பிறகு அவர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு நடந்தது இதைவிட மோசம். 1891இன் இறுதியில் மணிலாவில் தெயடோராவைக் கைது செய்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? அரசு கொடுத்த 'ரியலொண்டா டெ ரிசால்' என்ற பெயரைச் சொல்லாமல், 'தெயடோரா அலொன்சோ' என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் சொல்லிவந்தார். கிளாவேரியாவின் ஆணைக்கு நாற்பத்திரண்டு வயது. இவ்வளவு நாளும் யாரும் கேட்காத சட்டத்தை, அறுபது தாண்டிய ஒரு அம்மாவுக்கு எதிராகத் தேடி எடுத்தார்கள். சொந்தச் செலவில் கப்பலில் போகிறேன் என்று கேட்டும் விடவில்லை. மகளோடு சேர்த்து, சிவில் காவல்படையின் காவலில், ஊர் ஊராக லகூனாவின் சாந்தா குரூஸ் வரை நடத்தியே கூட்டிப்போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மாகாண ஆளுநர் அவரை விடுதலை செய்துவிட்டார். அவ்வளவுதான் வழக்கு.

பட்டியல் எதற்காக என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம். பதிவேடு என்பது சும்மா கணக்கு வைக்கிற புத்தகம் மட்டும்தான் என்று அதைப் பேணுகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் யாரையாவது பிடிக்க வேண்டும் என்று வந்தால் அதில் எப்போதும் ஒரு பிழை கிடைக்கும்.

மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பெயர்

1892இல் ஹோசே நாடு திரும்பினார். சில நாட்களில் மின்டனாவோவின் டாபிட்டானுக்குக் கடத்தப்பட்டார். அவர் கடத்தப்பட்ட செய்தி வந்த ஜூலை 7இல் அந்திரெஸ் பொனிபாசியோவும் தோழர்களும் கட்டிபுனான் என்ற இரகசிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த இயக்கத்தில் மூன்று படிநிலை. மேல்நிலை உறுப்பினருக்கான கடவுச்சொல் 'ரிசால்'. ஆயுதக் கிளர்ச்சிக்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரின் பெயர், அவரைக் கேட்காமலேயே கிளர்ச்சியின் கடவுச்சொல்லாகிவிட்டது. அவருடைய சகோதரிகள் ஜொசெபாவும் டிரினிடாடும் இயக்கத்தில் சேர்ந்தார்கள். அண்ணன் பாசியானோ பிறகு புரட்சிப் படையின் ஜெனரலாக ஸ்பானியருக்கும் அமெரிக்கருக்கும் எதிராகப் போரிட்டார்.

1896 டிசம்பர் 30 காலையில் மணிலாவின் பகும்பாயான் வெளியில் ஹோசேயைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் குடும்பத்திடம் கொடுக்காமல் பாக்கோ மயானத்தில் பெயர் போடாமல் புதைத்தார்கள். சகோதரி நார்சிசா மயானம் மயானமாகத் தேடி, காவல் நின்ற புது மண்ணைக் கண்டுபிடித்து, காவலாளிக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அடையாளக் கல் ஒன்று வைப்பித்தார். அதில் ஹோசே புரோட்டாசியோ ரிசால் என்பதன் முதலெழுத்துகள் தலைகீழாக இருந்தன: ஆர், பி, ஜே. தெரிந்தவருக்கு மட்டும் தெரியட்டும் என்று. குடும்பப் பெயர் முதலில் வந்தது.

அமெரிக்கர் வந்த பிறகு பெயர் இன்னொரு வேலைக்குப் போனது. 1901இல் மணிலாவை அடுத்த மாகாணத்துக்கு 'ரிசால்' என்று பெயரிட்டார்கள். ஆயுதம் ஏந்தாத ரிசாலைத் தூக்கிப் பிடித்தது, ஆயுதம் ஏந்திய பொனிபாசியோவைப் பின்னுக்குத் தள்ள ஆட்சிக்கு வசதியாக இருந்தது என்று வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கொன்ஸ்டான்டினோ 1969இல் கடுமையாக வாதிட்டார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. 1956இல் அவருடைய நாவல்களைக் கல்விக்கூடங்களில் கட்டாயமாகக் கற்பிக்கச் சட்டம் வந்தபோது, கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. செத்து அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெயரோடு சண்டை இருந்தது.

ஹோசேக்குப் பிள்ளை தங்கவில்லை. பாசியானோவுக்கு ஒரு மகள். சகோதரிகளின் பிள்ளைகளுக்குக் கணவன்மாரின் பெயர். குடும்பப் பெயர் தகப்பனிலிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும் என்றுதான் கிளாவேரியா சட்டம் போட்டார். இந்த வீட்டில் அந்தப் பெயர் மாகாணத்துக்கும் பூங்காவுக்கும் பாடப்புத்தகத்துக்கும் போனது.

ரிசால் என்றவுடன் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மணிலாவில் நிற்கிற சிலை. எங்களுக்கு இதை வாசித்த பிறகு ஞாபகத்தில் நிற்பவர் தெயடோரா. மகன்மார் அந்தப் பெயருக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவரை அந்தப் பெயரைச் சொல்லாததற்காகத் தண்டித்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே அரசு, ஒரே காலத்தில், ஒரே வீட்டுக்கு.